ஏரிக்கு விட்ட வரிகள்

மகனே,

நேற்று மாலை நீ போனை வைத்த பிறகு, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றுவிட்டேன். நீ சாதாரணமாகத்தான் பேசினாய். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கும் ஒரு மென்பொருளின் விளக்கப் பக்கங்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு உனக்கு வந்திருப்பதாகப் போன மாதமே சொல்லியிருந்தாய். சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளில் மருந்து இருப்பைப் பார்த்துக்கொள்ள உதவும் மென்பொருள் என்றாய். தலைப்பு எப்படி இருக்க வேண்டும், எங்கே எண் போட வேண்டும், எங்கே எழுத்தைத் தடிப்பாக்க வேண்டும், எங்கே வரி விட வேண்டும் என்று ஒரு விதிமுறைப் பட்டியல் இருக்கிறது, அதை வைத்துப் பக்கம் பக்கமாகச் சுத்தம் செய்கிறேன் என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. நேற்று இன்னொன்றும் சொன்னாய். ஒரு பக்கத்தில் மாதிரிக்காகக் கொடுத்திருந்த வரிகளின் தொடக்கத்தில் இடைவெளிகள் கோணல்மாணலாக இருந்தன, எல்லாவற்றையும் ஒரே நேராக இழுத்துவிட்டேன், இப்போது பார்த்தால் அந்த இடைவெளிகளுக்கு ஏதோ அர்த்தம் இருந்திருக்கும் போலத் தோன்றுகிறது என்றாய். "யாரும் இன்னும் கவனிக்கலம்மா. திங்கட்கிழமை சத்தமில்லாம சரிபண்ணிடுவேன்" என்று சொல்லிச் சிரித்தாய். நீ சொன்னதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. அந்தச் சிரிப்பு முழுதாகப் புரிந்தது. அதே சிரிப்பை நான் பதினைந்து வயதில் சிரித்திருக்கிறேன்.

உன் தாத்தாவின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது என்பது உனக்குத் தெரியும். நடை பழகிய வயதில் நீ அவற்றைத்தான் பிடித்துக்கொண்டு நடப்பாய், பிடிக்க வசதியாக நீட்டிக்கொண்டே இருக்கும் என்பதால். படகுக்கும் கரையில் நட்ட கட்டைக்கும் நடுவே மாட்டி நசுங்கிய விரல்கள் என்று உனக்குச் சொல்லி வளர்த்தேன். அது பொய். உன் அப்பாவிடமும் அதே பொய்யைத்தான் சொன்னேன். உண்மையை இன்று எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னித்துக்கொள்.

நான் பத்தாம் வகுப்பு படித்த வருடம் அது, எழுபதுகளின் கடைசி. எங்கள் குப்பம் கடலுக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் நடுவில் ஒரு மணல்மேட்டின் மேல் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் படகில் ஏறி அக்கரைக்குப் போவேன். படிப்பு என்றால் எனக்குப் பைத்தியம். உப்புப் பொட்டலம் கட்டிய காகிதத்தைக்கூடப் பிரித்து, நீவிவிட்டுப் படிப்பேன். பூகோளப் பாடப்புத்தகத்தில் தலைப்பைப் பெரிய எழுத்தில் போட்டு, அதன் கீழே கோடு இழுத்து, ஒன்று இரண்டு என்று எண் போட்டிருப்பார்களே, அந்த ஒழுங்கைப் பார்த்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும். உலகத்தில் எழுதியதெல்லாம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அம்மா கடைக்காரரிடம் வாங்க வேண்டியதை வாயால் சொன்னால், நான் அதை எண் போட்டு எழுதிக்கொண்டு போவேன். "மூணு சாமானுக்கு ஒரு பத்திரமாடி?" என்று கேலி செய்வாள்.

எங்கள் குப்பத்தின் பிழைப்பு ஒரு நோட்டில் இருந்தது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் ஓடும் இடம் ஒன்று உண்டு. பிற்பகலில் அங்கே கழி நட்டு வலை கட்டினால் விடிந்ததும் தூக்கலாம். அந்த இடத்தை எங்கள் குப்பமும் வடக்குக் குப்பமும் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு படகு. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். இன்று யார் பாடு, நாளை யார் பாடு என்று வரிசையாகப் பெயர் எழுதிய நோட்டுதான் பாடு நோட்டு. ஒரு வரி என்பது ஒரு நாள். ஒரே மாதிரி நோட்டு இரண்டு குப்பத்திலும் ஒவ்வொன்று இருக்கும். எங்களுடையதை ஏழுமலைப் பெரியப்பா வைத்திருந்தார். என் நைனாவுக்கு, அதாவது உன் தாத்தாவுக்கு, அவர் சொந்த அண்ணன் இல்லை, பங்காளி. காலையில் வலைக்கொட்டகை எதிரில் நின்று அன்றைய பெயரைச் சத்தமாகப் படித்துவிட்டு, அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பார். அதற்கு மேல் அந்த நோட்டில் எந்த ஒழுங்கும் கிடையாது. தலைப்பு இல்லை, எண் இல்லை. அடித்தல், ஓரத்தில் கிறுக்கல், நடுநடுவே வெறும் வரிகள்.

அந்த வருடத்து மழையில் கூரை ஒழுகி நோட்டு நனைந்துவிட்டது. பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. புதிதாக ஒரு பிரதி எழுத வேண்டும் என்றதும் நைனா என் பெயரைச் சொன்னார். "பொம்பளப் புள்ள கையில பாடு நோட்டா? இன்னாபா நாயம் இது?" என்று இரண்டு பேர் முனகினார்கள். நைனா விடவில்லை. "என் பொண்ணு எய்த்தப் பாத்துகிறியா நீ? அச்சடிச்ச மாதிரி கீது. நான் பொறுப்பு" என்றார். அந்த 'நான் பொறுப்பு' என்ற சொல் என் காதில் இன்னும் இருக்கிறது.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். ஸ்கேல் வைத்து ஓரக்கோடு இழுத்தேன். சிவப்பு இங்க்கில் தலைப்பு எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் எண் போட்டேன். எண் போடும்போதுதான் அந்த வெறும் வரிகள் இடைஞ்சலாக இருந்தன. பெயரில்லாத வரிக்கு எப்படி எண் போடுவது? பழைய நோட்டு எழுதியவர் கண் தப்பி வரியைத் தாண்டியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அவை ஒரு ஒழுங்கான இடைவெளியில் இருந்திருந்தாலாவது யோசித்திருப்பேன். எட்டு வரிக்குப் பிறகு ஒன்று, பிறகு பதின்மூன்றுக்குப் பிறகு ஒன்று என்று இஷ்டத்துக்கு இருந்தன. எல்லாவற்றையும் மூடி, பெயர்களை நெருக்கி எழுதினேன். இரண்டு பக்கம் மிச்சமாயிற்று. கடைசிப் பக்கத்தின் மூலையில் ஒரு பூ வரைந்தேன். ஏழுமலைப் பெரியப்பா புதுநோட்டை வாங்கிப் புரட்டி, "அடேங்கப்பா, இத்தக் கையால தொடவே பயமா கீதே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழைய நோட்டைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். எனக்கு எழுதிய காகிதத்தைத் தூக்கிப் போட மனசு வராது. வெயிலில் காயவைத்து என் தகரப் பெட்டியில் வைத்தேன்.

சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை நான் தண்ணீர்க் குடத்தோடு வலைக்கொட்டகையைத் தாண்டிக்கொண்டிருந்தேன். பெரியப்பா நோட்டைப் பிரித்து, "இன்னிக்கு வடக்குக் குப்பம், தேசப்பன் படகு" என்று படித்தார். வலை பின்னிக்கொண்டிருந்த முனுசாமி மாமா தலை நிமிர்ந்தார்.

"இன்னா ஏழுமல, இன்னிக்கு ஏரிக்கு வுட்ட நாளாச்சே?"

"நோட்டுல அப்டி ஒண்ணும் இல்லியே மாமா."

"நல்லாப் பாரு."

"நம்பர் போட்டு எய்திகீது. இருவத்தி ரெண்டு தேசப்பன். நீதான் நாளு கொயப்பிகினே."

மாமா கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு குப்பத்துப் பெரியதனக்காரங்களும் பேசி மாத்திட்டாங்க போல. நம்மள எவன் கேக்கறான்" என்று மறுபடியும் வலையைக் கையில் எடுத்துக்கொண்டார். அத்தனை வருடம் ஏரியில் நின்ற மனுஷன், தன் ஞாபகத்தை விட்டுவிட்டு என் நோட்டை நம்பிவிட்டார். கோணல் எழுத்தில் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பார். நான் அதை அவ்வளவு அழகாக எழுதியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "ஏரிக்கு வுட்ட நாளுன்னா இன்னாம்மா?" அவள் மீன் ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "அன்னிக்கு எவனும் வலை கட்டமாட்டான். எறால உள்ள வுட்டுடுவாங்க. உள் ஏரிக்காரன் இன்னாத்தத் தின்பான்? பஞ்சாங்கம் பாத்து நாளு எடுத்து வச்சிகிறாங்க. ஏன் கேக்கறே?" ஒன்றுமில்லை என்றேன். பெட்டியைத் திறந்து பழைய நோட்டை எடுத்தேன். தேசப்பன் பெயருக்கு மேலே ஒரு வெறும் வரி இருந்தது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் அதில் யாரும் எதையும் எழுதிவைக்கவில்லை. மீன்பிடிக்கப் போகாத எனக்கு மட்டும் அது தெரியாது. விரலை வைத்து எண்ணினேன். அதற்கு முந்தைய வெறும் வரி, நோட்டு நனையும் முன்பே கழிந்த நாள். வடக்குக் குப்பத்து நோட்டு பழைய மாதிரியே இருக்கிறது. அவர்களுக்கு இன்று யாரும் போகாத நாள், நாளைதான் தேசப்பன். எங்கள் நோட்டில் இன்று தேசப்பன், நாளை அடுத்த பெயர். அடுத்த பெயர் என்னவென்று பார்க்கவே வேண்டாம். என் கையால் சிவப்பு இங்க்கில் அடிக்கோடு போட்ட ஒரே பெயர் அது. என் நைனாவின் பெயர்.

இனி நான் சொல்லப்போவதைத்தான் நாற்பது வருடத்துக்கும் மேலாக யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் ஒரே இடத்துக்கு இரண்டு படகு போகும் என்று சனிக்கிழமை பத்து மணிக்கே எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் என் படிப்பு நின்றுவிடும் என்று பயந்தேன். 'நான் பொறுப்பு' என்று சொன்ன நைனாவை எல்லாரும் சிரிப்பார்கள் என்று பயந்தேன். பகல் முழுக்க ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேசப்பன் படகு வரவில்லை. "வடக்கத்தியான் தூங்கிட்டான்" என்று நம் ஆட்கள் சிரித்தார்கள். எங்கோ சரியாகிவிடும், யாராவது கண்டுபிடிப்பார்கள், திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும் முன்னால் பெரியப்பா வீட்டுக்குப் போய் நோட்டை வாங்கி, சத்தமில்லாமல் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதி ஒட்டிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்த்தாயா மகனே, நானும் திங்கட்கிழமை என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நைனா கழிகளைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் கிட்டே போய் நின்றேன். முதுகுக்குப் பின்னால் இரண்டு கையிலும் பழைய நோட்டைப் பிடித்திருந்தேன். காட்டிவிடத்தான் கொண்டுபோனேன்.

"நைனா, இன்னிக்குப் போவாதே."

"ஏன்?"

"எனுக்குக் காச்சல் மாதிரி கீது."

நைனா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "உனுக்குக் காச்சல்னா நான் ஊட்ல குந்திகினு இன்னா பண்ணட்டும்? கஷாயம் குடிச்சிட்டுப் படு" என்றார். என் முகத்தையும், பிறகு என் தோளுக்குப் பின்னாலும் ஒரு பார்வை பார்த்தார். அல்லது அப்படி நான் பிற்பாடு நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை. கோலை ஊன்றித் தள்ளினார். படகு போய்விட்டது. நோட்டு என் கையிலேயே இருந்தது.

வடக்கிலிருந்து இன்னொரு படகு வருவதைக் கரையில் முதலில் பார்த்தவள் நான்தான். வேறு யாருக்கும் அது பயமாகத் தெரிந்திருக்காது. இரண்டு படகும் நெருங்கின. நின்றன. ஆட்கள் எழுந்து நின்றார்கள். கரையில் மீன் உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கையை நிறுத்தினார்கள். நான் தண்ணீரில் இறங்கிவிட்டேன். எங்கள் ஏரி ஆழமில்லாதது. அந்தப் பக்கத்தில் இடுப்புக்கு மேல் போகாது. ஆனால் அடியில் சேறு, ஓட முடியாது. நோட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து நடந்தேன். பேச்சு காதில் விழ ஆரம்பித்தது.

"எங்க பாடு நாளுல எவன்டா கழி நட்றது?"

"உன் பாடு நேத்து. நீ வர்ல. இன்னிக்கு எங்களுது!"

"நேத்து ஏரிக்கு வுட்ட நாளுயா! சாராயத்தப் போட்டுகினு நாளு எண்ணுவியா நீ?"

"நோட்டுல கீதுடா! என் பொண்ணு எய்திகீது!"

நைனா சொன்ன அந்தக் கடைசி வாக்கியம் தண்ணீரின் மேல் தெளிவாக வந்தது. நான் கத்தினேன். "நோட்டு தப்பு நைனா! நான்தான் தப்பா எய்திட்டேன்!" காற்று எதிரில் அடித்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒருவன் எங்கள் கழியைப் பிடுங்கினான். நைனா அதன் மறுமுனையைப் பிடித்தார். படகின் விளிம்பில் அவர் கை இருந்தபோது படகு தள்ளும் தாங்குகோல் ஒன்று மேலிருந்து கீழே வந்தது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. வேண்டாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் அடங்கியிருந்தார்கள். தேசப்பன் என்னைப் பார்த்து, "யாரு பொண்ணு இது, தண்ணியில?" என்றார். எங்கள் ஆள் ஒருவர், "நோட்டு எய்தின பொண்ணு" என்றார். பழைய நோட்டைப் பிரித்து அந்த வெறும் வரியைக் காட்டினேன். தேசப்பனுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் வெறும் வரி தெரியும். அதன் மேல் விரலை வைத்தார். அவருடைய ஆளின் கோல்தான் நைனாவின் விரல்களில் விழுந்தது. "ஏம்மா," என்றார் மெதுவாக, "இத்த முன்னாடியே சொல்லக் கூடாதா?" நைனா துண்டால் கையைச் சுற்றிக்கொண்டு, "வலைய அவுங்க கட்டட்டும்" என்று மட்டும் சொன்னார். என்னைத் தூக்கிப் படகில் உட்காரவைத்தார், இடது கையால்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த பிறகு ஒரே ஒரு தடவை கேட்டார். "எப்பத் தெரியும் உனுக்கு?" நான் சொன்னேன்: "கரையில நிக்கும்போதுதான் நைனா. சும்மா பொரட்டிப் பாத்தேன், அப்பத்தான் தெரிஞ்சுது." அவர் சரி என்றார்.

அடுத்த வாரம் இரண்டு குப்பத்துக்காரர்களும் கூடினார்கள். நோட்டை இனி எப்படி எழுதுவது, எப்படித் திருத்துவது என்று பேசினார்கள். நீ வைத்திருக்கும் விதிமுறைப் பட்டியல் மாதிரி ஒன்று அன்று எங்களுக்கும் உண்டானது. எழுதுவது யார் என்று கேட்டபோது நான் தலை குனிந்துகொண்டேன். தேசப்பன்தான், "அதே பொண்ணே எய்தட்டும். இனிமே பயந்து பயந்து சரியா எய்தும்" என்றார். கூட்டம் சிரித்தது, எனக்கு அழுகை வந்தது. நோட்டு அட்டையின் உள்பக்கத்தில் எழுதினேன். வெறும் வரியை வெறுமனே விடக் கூடாது, 'ஏரிக்கு' என்று அதில் எழுத வேண்டும். பெயரை மாற்றினால் பழைய பெயர் தெரியும்படி ஒரே கோடு போட வேண்டும், மாற்றியவர் ஓரத்தில் தன் அடையாளத்தைப் போட வேண்டும். புதுப்பிரதி எழுதினால் ஒருவர் அதைச் சத்தமாகப் படிக்க, படகேறும் ஆள் ஒருவர் பழையதில் விரல் வைத்துக்கொண்டு வர வேண்டும். இரண்டு குப்பத்து நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் புதியதைப் புழங்கக் கூடாது. ஒரு சுற்று முடியும் வரை பழைய நோட்டைக் கிழிக்கக் கூடாது. அலங்காரம் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானே பூ போடுவதை விட்டுவிட்டேன்.

எல்லாம் முடிந்து நான் பேனாவை மூடும்போது, நைனா, "இன்னொண்ணு எய்து" என்றார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நோட்டுல தப்பைப் பாத்தவுங்க ஒடனே வந்து சொல்லணும். சொன்னவுங்கள எவனும் திட்டக் கூடாது. ஏன் தப்பா எய்தினேன்னும் கேக்கக் கூடாது." ஏழுமலைப் பெரியப்பா, "இத்தெல்லாமா எய்துவாங்க?" என்றார். "எய்தட்டும்" என்றார் நைனா. நான் எழுதினேன். என் எழுத்திலேயே கோணலான வரி அதுதான்.

அவருக்குத் தெரிந்திருந்ததா? நான் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த நோட்டை அன்று பார்த்துவிட்டாரா? அவர் இருந்தவரை கேட்கத் தைரியம் வரவில்லை. அவரும் கேட்கவில்லை. என் படிப்பை நிறுத்தவும் இல்லை. மடங்காத விரல்களுக்கு நடுவே பீடியைப் பிடித்துக்கொண்டு, நான் பரீட்சைக்குப் படிப்பதை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அந்த விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சனிக்கிழமை பத்து மணி ஞாபகம் வரும். தப்பாக எழுதியதற்காக நான் என்னை எப்போதோ மன்னித்துவிட்டேன், அது தெரியாமல் செய்தது. தெரிந்த பிறகு சும்மா இருந்தேனே, அந்த ஒரு பகலும் மறுநாள் பாதியும்தான் என்னை விடவில்லை.

உன் வேலை பெரியது, என் நோட்டு சின்னது. எங்களுக்கு எதிரே நின்ற படகையாவது கண்ணால் பார்க்க முடிந்தது. நீ நேராக்கிய வரிகளை எந்த ஊரிலோ ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் அப்படியே பார்த்துத் தட்டிக்கொண்டிருப்பாள். பக்கம் அழகாக இருக்கிறது, அவள் சந்தேகப்படமாட்டாள். முனுசாமி மாமா மாதிரி, தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வாள். அவளுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே ஆகாமலும் போகலாம். தெரியாததால்தான் எனக்கு இவ்வளவு பயமாக இருக்கிறது.

அதனால் திங்கட்கிழமை வரை இருக்காதே; இந்தக் கடிதத்தை இன்றைக்கே போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுகிறேன். சத்தமில்லாமல் சரிசெய்யாதே. சத்தமாகச் சரிசெய். பழையதை எல்லாரும் பார்க்கும்படி பக்கத்தில் வைத்து, இதை நான்தான் மாற்றினேன், தப்பாக மாற்றிவிட்டேன் என்று உன் பெயரைப் போட்டுச் சொல். உங்கள் விதிமுறைப் பட்டியலின் கடைசியில் உன் தாத்தா சொன்ன வரி இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் நீயே எழுது. இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம், இனி மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நீ சொன்ன பிறகு யாராவது உன்னைத் திட்டினால், வீட்டுக்கு வா. நான் ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன்.

கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன். அது என்ன வரி என்று எங்கள் நோட்டு வழக்கப்படி அதிலேயே எழுதியும் வைத்திருக்கிறேன். 'சொல்லிவிட்டேன்' என்று அதற்குப் பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பு. அது வரும் வரை அடுப்புப் பக்கம் போக எனக்குக் கால் வராது.

உனக்கு விட்டது: